பாரி தராதது

மேட்டூர் திறந்து பதினேழு நாள்.
முள்ளியாற்றில் இன்னும் ஒரு சருகுகூட நகரவில்லை.
திருத்துறைப்பூண்டியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்,
இரண்டு செங்கல்மேல் மடிக்கணினியை ஏற்றிவைத்து
ஒரு வளைவரையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

y² + xy = x³ − x² − 79x + 289

நீள்வட்ட வளைவரை என்று பெயர்.
நீள்வட்டத்துக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம்தான்.
அதற்கொரு எல்-சார்பு உண்டு.
பழைய தமிழில் எல் என்றால் பகல்;
எனக்கு அது ராத்திரியில் மட்டும் வாய்க்கிறது.

மென்பொருளின் பெயர் பாரி.
பிரான்சில் யாரோ வைத்தது,
நம்முடைய பாரியை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.
ஆனாலும் கேட்டால் கொடுக்கிறது.

மூன்றில் எண்ணச் சொன்னேன்: ஏழு புள்ளிகள்.
ஐந்தில் பத்து. ஏழில் பதின்மூன்று.
இலை போட்டதைவிட ஆள் கூடுதல்
முதல் பந்தியிலிருந்தே.
பகா எண்களில் அளந்தால் போதும்,
பதினைந்தைத் தனியாக எண்ண வேண்டாம்;
மூன்றின் மடையும் ஐந்தின் மடையும்
பெருக்கிக்கொண்டு வந்து அதில் விழும்.
பெருக்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஒரே வேர் என்பதை
இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எல்லா மடையையும் கூட்டி
ஒன்று என்கிற இடத்தில் என்ன மதிப்பு என்றேன்.
சுழியம். அதை நிரூபித்துவிடலாம்.
அங்கே சரிவு? சுழியம்.
இடமும் வலமும் கண்ணாடி பார்க்கிற சமச்சீர், அதுவும் சரி.
சரிவின் சரிவு?
பாரி முப்பத்தேழு சுழியங்களை வரிசையாக வைத்து
கடைசியில் ஒரு 2 வைத்தது.

இலக்கத்தை ஆயிரமாக்கினேன்.
ஒன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் தாங்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு
வேர்வையில் உட்கார்ந்திருந்தேன்.
விடியும்போது திரை நிறையச் சுழியம்,
வால் நுனியில் ஒரு 7.

அது சுழியம்தான். கேட்டால் எல்லோரும் சொல்வார்கள்.
நிரூபி என்றால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.
கேட்டதெல்லாம் கொடுக்கிற பாரி
ஒன்றுமில்லாததை மட்டும் கொடுக்காது.

ஆறு மணிக்கு வாலண்டினா ரெகுலேட்டருக்குக் கிளம்பினாள்.
அப்பா கட்சிக்காரர், மகள் பெயரிலேயே ராக்கெட் விட்டவர்.
அளவுகோல் பார்த்துத் தஞ்சாவூருக்குப் போன் செய்கிற வேலை.
பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நானும் கூடப் போனேன்.

"ஜீரோ பாயிண்ட் ஜீரோ ஜீரோ சார்."

அளவுகோலுக்குக் கீழே
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் கிடந்தது.
அதில் ஒரு குரவை, உயிரோடு.
"தண்ணி இருக்கே?"
"இருக்கு. கோலு அதுக்கு மேலேருந்துதானே ஆரம்பிக்குது.
சுத்தமா காஞ்சா ஒரு கோடு இழுத்துருவேன்,
சைபர் போட மாட்டேன்."

அந்தக் கோடு என்னிடம் இல்லை.
அவளுடைய சுழியத்துக்குள் ஒரு மீன் மூச்சு வாங்குகிறது.
என்னுடைய 7க்குள் ஒன்றுமே இல்லை.
பதிவேட்டில் புள்ளிக்குப் பின்னால் இரண்டே கட்டம்,
நீல மையில் நிரப்பி மூடிவிட்டாள்.

இங்கிருந்து கடல் வரை தரை மட்டம்.
கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.
சரிவு இல்லை என்று எந்த சர்வேயரும் எழுதிவிடுவார்;
ஆறு அதைப் படிக்காமல் போய்க்கொண்டிருக்கிறது,
அதாவது, வருகிற வருஷங்களில்.

மாடியேறி நான்காவதைக் கேட்டேன்.
மூன்றாவது சமச்சீரோடு போயிற்று.
214.65 என்றது பாரி, யோசிக்காமல்.
அங்கே இறங்கினால் ஆள் மூழ்கும்.

முதல் மணி, பி.எஸ்சி. முதலாண்டு, எல்லைகள்.
நேற்று கடைசி பெஞ்சிலிருந்து மதிவதனன் கேட்டான்:
"அணுகுது அணுகுதுங்கிறீங்களே மேடம்,
வந்து சேருமா, சேராதா?"
கோட்டூர்ப் பக்கம், கடைமடைப் பையன்.
நாளைக்குச் சொல்றேன் என்றிருந்தேன்.
பஸ் எட்டே காலுக்கு.